மலைப்பாம்புக்காக முறை பார்த்து வளர்த்த எலிகள்

மன்னாரில் இருந்தவரை வலன்ரைன் பாம்பைக் கண்டால் தடி தேடுகிற ஆள். பிரெஞ்சு நாட்டு லா ஷப்பெலுக்கு வந்தபின் ஒரு மலைப்பாம்பின் சாப்பாட்டுக்குப் பொறுப்பாளி ஆனார்.

வீட்டுச் சொந்தக்காரி ஜெனவியேவ் மூன்றாம் மாடியில் அந்தப் பாம்போடு குடியிருந்தார். கலியாணம் செய்யாதவர். பாம்பின் பெயர் மர்கரீத். வெள்ளை எலியைத் தவிர வேறெதையும் அது ஏறெடுத்தும் பார்க்காது. கடை எலியோ யானை விலை.

"கோடைக்குள் இதன் பசி தீருமளவு எலி வளர்த்துத் தாருங்கள். நீங்கள் இருக்கும் ஆறாம் மாடி அறை உங்களுக்கே. இல்லாவிட்டால் அங்கே என் அக்கா மகன் குடிவருவான்," என்றார் ஜெனவியேவ்.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம் அது. மனைவி மரியகொறற்றி அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தாள். அறை போனால், ஆண்கள் முறைவைத்துத் தூங்கும் பழைய இடத்துக்கு அவளைக் கூட்டிப்போக முடியாது.

வலன்ரைன் ஒரு சோடி எலி வாங்கி, தக்காளிப் பெட்டியில் கோழிவலை அடித்து அடைத்தார். விடியுமுன் பலகையைத் தின்று வெளியேறிய எலிகள் அவருடைய சப்பாத்துக்குள் நித்திரை கொண்டன. பிறகு, தான் கோப்பை கழுவும் கடையிலிருந்து எண்ணெய்த் தகரங்களைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, வாய்க்கு நெருக்கமான கம்பிவலை போட்டார். உள்ளே மரத்தூள். வெளியே கவிழ்த்துக் கட்டிய போத்தலிலிருந்து தண்ணீர் சொட்டும். அந்தக் கூட்டில் ஒரு சோடி சீராகக் குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே தகரத்தில் விட்டார்.

மரியகொறற்றி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? இதுகள் அண்ணனும் தங்கச்சியுமெல்லே!"

"எலியப்பா."

"எலியெண்டா முறை இல்லையோ? பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தா நான் என்ன சொல்லுறது?"

அன்றே ஆணைப் பிரித்தாள், பெண்ணைப் பிரித்தாள். அதோடு குட்டியும் நின்றது. மர்கரீத் பசியில் கண்ணாடிப் பெட்டியை முட்டத் தொடங்கியது. ஜெனவியேவ் படியில் கண்டால் அக்கா மகனின் சுகத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

வலன்ரைன் எலி விற்கும் கடைக்கு ஓடி, முன்பு வாங்கிய எலிகளுக்குச் சொந்தமில்லாத எலி கிடைக்குமா என்று விசாரித்தார். கடைக்காரன் கதவைக் காட்டினான்.

கடைசியில் பக்கத்து நகரான திரான்சியில் இருந்த ஊர்க்காரர் பேனாட் அண்ணைதான் காப்பாற்றினார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அயல்வீட்டுப் பிள்ளைக்கு அலுத்துப்போன ஒரு சோடி எலியை பிஸ்கற் தகரத்தில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் நின்றார்.

"வலன்ரைன், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கினம். தேத்தண்ணி வை."

மரியகொறற்றி முதல் குடும்பத்தின் வாலில் மஞ்சள் பூசினாள், திரான்சிக் குடும்பத்தின் வாலில் உடுப்புக்குப் போடும் நீலம். மஞ்சள் வால் நீல வாலைக் கட்டியது. அந்தப் பிள்ளைகளில் மச்சான் மச்சாள் பார்த்து அடுத்த கலியாணம். தகரங்கள் பெருகி வாசல்வரை அடுக்கேற, வலன்ரைன் பக்கவாட்டில்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

கோடை பிறக்க ஜெனவியேவ் மாடியேறி வந்தார். மர்கரீத் தொடைப் பருமனுக்கு வந்திருந்தது, அதில் குறையில்லை. எலி வாலில் ஏன் சாயம் என்று கேட்டார். வலன்ரைன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சம்பந்தங்களை விளக்கினார்.

"அப்படியானால் மர்கரீத் யாரைத்தான் சாப்பிடுகிறாள்?"

வலன்ரைனுக்குச் சட்டென்று பொய் வராது. "கலியாணம் சரிவராதவர்களை."

ஜெனவியேவ் தகரத்தையே பார்த்தபடி நின்றார். அக்கா மகன் பெட்டியோடு படியேறும் சத்தம் வலன்ரைனின் காதில் கேட்பதுபோல் இருந்தது.

"என்னப்பா சொன்னனீங்கள்? மனிசியின்ர முகம் வாடிப்போச்சு," என்றாள் மரியகொறற்றி. "பாவம், அவவுக்கும் ஒரு இடம் பாப்பமோ எண்டு கேளுங்கோ."

வலன்ரைன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓ, சந்தோஷமாக! இந்தக் கட்டடத்தில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை," என்று சிரித்த ஜெனவியேவ், தன்னிடமிருந்த அறையின் இரண்டாவது திறப்பையும் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

மரியகொறற்றிக்கு பிரெஞ்சு தெரியாது. சிரிப்பு தெரியும். கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

"பேனாட் அண்ணையை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லுங்கோ," என்றாள். "வரேக்கை தலைக்குக் கொஞ்சம் மை பூசிக்கொண்டு வரட்டும்."