நாக்கின் அடியில் ஒளித்த மாத்திரை

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது முப்பத்தெட்டு. பள்ளத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிப் பேண்ட் பித்தானைப் போட முடியாமல் போனது. தொப்பை போடுகிறது என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். காரைக்குடியில் ரத்தப் பரிசோதனை செய்தவர் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, "மதுரைக்குப் போயிருங்க சார்" என்று மட்டும் சொன்னார். விளக்கம் கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மதுரை டாக்டர் நல்லவர், கறாரானவர். இது மெதுவாக நகரும் வகை, கண்டபடி பெருகும் வெள்ளை அணுக்களை ஒரு மருந்தால் அடக்கி வைக்கலாம், ஊசி வேண்டாம், வீட்டிலேயே விழுங்கலாம், பள்ளிக்கூடத்துக்கும் போகலாம் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"தினமும் ஒரே நேரத்துல, சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு கேப்சூல். கையால தொடாதீங்க. டப்பா மூடியில கொட்டி, மூடியிலேருந்து நேரா வாயில போடணும். உடைக்கக் கூடாது, பிரிச்சுத் தேன்ல கொழைக்கக் கூடாது. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் சேத்துப் போடக் கூடாது. வாந்தியில வந்துட்டாலும் திரும்பக் குடுக்கக் கூடாது, அடுத்த வேளைக்குத்தான். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ரத்தம் பாக்கணும். காய்ச்சல் வந்தா அன்னைக்கே இங்க வரணும். புரியுதா?"

அவள் எல்லாவற்றையும் எங்கள் பையனின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

அந்த டப்பாவைத் திறந்தால் ஒரு வாடை வரும். பழைய ரப்பர் செருப்பை வெயிலில் காய வைத்ததுபோல. கேப்சூல் பாதி பச்சை, பாதி இளஞ்சிவப்பு. குழந்தைகள் தின்னும் மிட்டாயின் நிறம். வாயில் போட்ட மறுகணமே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாலும் நெஞ்சுக்குழியில் எங்கேயோ நிற்பதுபோல இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து, நான் ஒளிவிலகலை விளக்கிக்கொண்டிருக்கும்போது, ஏப்பமாக மேலே வரும். அந்த ஏப்பத்தோடு மதியம் வீட்டுக்கு வந்து தின்ற குழம்பின் புளிப்பும் சேர்ந்து வரும். கரும்பலகைப் பக்கம் திரும்பி விழுங்கிக்கொள்வேன்.

சில மாதங்களில் என் விரல் நகங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. சாக்கட்டி பிடித்த விரல்களைப் பையன்கள் வெறித்துப் பார்ப்பார்கள். நோட்டுத் திருத்திக் கொடுத்தால் நான் தொட்ட ஓரத்தை விட்டுவிட்டு மறு ஓரத்தைப் பிடித்து வாங்குவான் ஒருவன். அவன்மேல் கோபம் வரவில்லை. அந்த நகங்களோடு சோற்றைப் பிசைய எனக்கே கூச்சமாக இருந்தது. கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தேன். கரண்டியின் இரும்பு வாடையும் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் திருப்பலி முடிந்து வந்து, கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். மருந்தை விழுங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பின்கட்டுத் தொட்டி மேடையில் குனிந்து அத்தனையையும் வாந்தியெடுத்தேன். சோறு, குழம்பு, கொழுப்பு மிதக்கும் தண்ணீர். நடுவில் அந்த இரண்டு கேப்சூல்கள், கொஞ்சம் பளபளப்போடு, முழுசாக.

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று கையை நீட்டி அவற்றைப் பொறுக்கினாள். வெறுங்கையால். குழாயில் ஒருதடவை அலசி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"கரையவே இல்லைங்க. முழுசாத்தான் இருக்கு. போட்டுக்கங்க."

அவள் விரலிடுக்கில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். கேப்சூல் இரண்டும் சாக்கடையில் விழுந்தன.

"மனுசனா நீ? டாக்டர் என்ன சொன்னாரு? கையால தொடாதேன்னாரா இல்லையா?"

"மெட்ராசிலேருந்து வரவழைச்ச மருந்துங்க. ஒரு நாளு விட்டுப்போச்சுன்னா என்ன ஆகுமோன்னுதான்..." என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பிறகு தொட்டி மேடையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மூடியில் கேப்சூலைப் பார்த்தால் எனக்கு அந்த உள்ளங்கைதான் தெரிந்தது. ஏமாற்ற ஆரம்பித்தேன். அவள் மூடியை நீட்டுவாள், நான் வாயில் போட்டு நாக்கின் அடியில் தள்ளித் தண்ணீரை மட்டும் குடிப்பேன். குளியலறைக்கு நடப்பேன். இருபது தப்படி. அதற்குள் உறை இளகிப் பல்லின் உட்புறத்தில் பசையாகும். ஒரு கசப்பு கசியும். விழுங்கியிருந்தால்கூட இவ்வளவு ருசி தெரிந்திருக்காது. விரலால் தோண்டி எடுத்து, குளியலறை ஜன்னல் கம்பி வழியாக வெளியே எறிவேன். எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் போகக்கூடிய ஒரு சந்து இருந்தது. அங்கே யாரும் போவதில்லை.

வெட்கமில்லாமல் இதைச் செய்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அவள் கொடுக்கும் மோரையும் வாங்கிக் குடித்தேன்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறின. மதுரையில் டாக்டர் சீட்டைப் பார்த்து, "ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

"நானே பக்கத்துல நின்னு குடுக்குறேன் டாக்டர்" என்றாள் என் மனைவி. குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. நான் தலையை ஆட்டினேன். இரண்டை மூன்றாக்கினார். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. நான்காக்கினார். நான்கையும் இரண்டிரண்டாக நாக்கின் அடியில் ஒளித்துத் துப்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை கொடியில் காய்ந்த துண்டு காற்றில் பறந்து அந்தச் சந்துக்குள் விழுந்தது. அதை எடுக்க அவள் ஒருக்களித்துப் போனாள். வெகு நேரம் வரவில்லை. நான் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். குனிந்து நின்றிருந்தாள். காலடியில் அவை கிடந்தன. மழையில் ஊதி, வெயிலில் வெளிறி, தரையோடு ஒட்டி, சிலது வாயைப் பிளந்து வெள்ளையாகக் கக்கியபடி. நரகலைப்போல. பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு மதிலின் உடைப்பு வழியாக வந்து அங்கேதான் கிளறிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை விரட்டினாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். துண்டை உதறிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

மதியம் சாப்பிட்டதும் மூடியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலு. எழுதிக் குடுத்தது நாலுதான? முழுங்குங்க."

விழுங்கினேன்.

"வாயத் தெறங்க."

திறந்தேன்.

"நாக்கைத் தூக்குங்க. இங்குட்டுத் திரும்புங்க, வெளிச்சம் படல."

டார்ச் அடித்துப் பார்த்தாள். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. என் வாயிலிருந்து வந்த வாடைக்கு அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. நான்தான் சுளித்தேன்.

இருபது நாள் இப்படி நடந்தது. பொய்யின்மேல் கட்டிய அளவு அது என்று எனக்குத் தெரியும். இரண்டே போதுமாக இருந்த உடம்புக்கு நான்கு போய்க்கொண்டிருக்கிறது என்று கணக்குத் தெரிந்த வாத்தியாருக்குப் புரியாமல் இல்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றால் துப்பியதைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடையில் வந்த ரத்தப் பரிசோதனையையும் அடுத்த வாரம் போகலாம் என்று தட்டிக் கழித்தேன்.

முதலில் கீழுதட்டின் உட்புறத்தில் ஒரு புண். பிறகு கன்னத்தில், நாக்கின் விளிம்பில், அண்ணத்தில். எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்தது. விழுங்காமல் விட்டால் கடைவாயில் வழிந்தது. ஈறில் ரத்தம் கசிந்து காலையில் தலையணை உறையில் பழுப்புக் கறை. அழுகிய பூ கிடக்கும் ஜாடித் தண்ணீரின் வாடை என் வாயில் அடித்தது. பிள்ளைகள் வந்து நின்றால் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு பகலில் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. என் மனைவி டாக்டர் சொன்னதை எழுதிய நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காரைக்குடியிலிருந்து ஒரு அம்பாசடர் காரை வரவழைத்து மதுரைக்குக் கொண்டுபோனாள். வழி நெடுக மடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து என் எச்சிலை ஏந்திக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ரத்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு மாசமா மருந்துக்குக் கட்டுப்படாம ஏறிக்கிட்டே இருந்துச்சு. இப்ப ஒரேயடியா இவ்வளவு கீழ இறங்கியிருக்கு. இது எப்படிங்க? வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, லேகியம்?"

என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், காப்பாற்றவும் மாட்டேன் என்பதுபோல. நான் புண் வாயோடு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். துப்பினேன் டாக்டர். ஜன்னல் வழியாக. இரண்டு மாதமாக.

அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் உங்க நோய்க்கு மருந்து எழுதலை, உங்க பொய்க்கு எழுதியிருக்கேன். இன்னும் பத்து நாள் போயிருந்தா உங்களை நானே கொன்னிருப்பேன். ஏன் துப்பினீங்க?"

"அருவருப்பா இருந்துச்சு டாக்டர்."

"அதைச் சொல்றதுக்கு என்ன? குமட்டலுக்கு மாத்திரை இருக்கே. அரை மணி நேரம் முன்னாடி அதைப் போட்டுட்டு, இதை ராத்திரி சாப்பாட்டுக்கு மாத்தியிருக்கலாம். ரெண்டு வார்த்தையில முடியுற விஷயம்."

அவ்வளவு சின்ன விஷயமாக அது இருந்ததுதான் என்னை மேலும் குமட்டச் செய்தது.

மருந்தை நிறுத்தினார்கள். பதினோரு நாள் படுக்கையில் கிடந்தேன். புண்ணுக்கு ஊதா மருந்து தடவி என் வாய் மை குடித்தவன் வாய்போல ஆனது. அணுக்கள் மெல்ல ஏறிவந்தன. ஒரு மதியம் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், என் மனைவி பேசினாள்.

"அன்னைக்கு வாந்தியிலேருந்து பொறுக்குனேன்ல, எனக்கு மட்டும் குமட்டலைன்னு நெனச்சீகளா? நீக உள்ள போனப்புறம் அங்குட்டு நின்னு வாந்தியெடுத்தேன். ரெண்டு நாளு அந்தக் கையால சோறு திங்க முடியல. நீக ஒரு வார்த்தை கேக்கல."

நான் கேட்கவில்லைதான். என் அருவருப்பு ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. கஞ்சிக் கிண்ணத்துக்குக் கை நீட்டினேன். கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சந்தில் கிடந்ததையெல்லாம் சுத்தம் செய்தேன். வேறு யாரையும் விடவில்லை. கையில் பாலிதீன் பை மாட்டி, ஒருக்களித்து நின்று, தகரத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். ஒட்டியிருந்த மண்ணோடு இரண்டு பைக்குள் கட்டினேன். மிஞ்சிய மருந்தைச் சாக்கடையில் போடக் கூடாது, ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேருந்தில் மதுரைக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பை என் காலடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் "கருவாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மறுபடி இரண்டு கேப்சூலில் ஆரம்பித்தேன். குமட்டல் மாத்திரை முன்னால், இரவுச் சாப்பாடு, மூடி, ஒரு செம்புத் தண்ணீர். மெய்யாகவே முழுங்கினேன். என் மனைவி டார்ச்சை எடுக்கவில்லை. எடுக்கட்டும் என்று நானே வாயைத் திறந்து காட்டியபோது, "போதும், மூடுங்க" என்றாள். மண்ணீரல் சுருங்கியது. பழைய பேண்ட்டின் பித்தான் போட வந்தது. அருவருப்பு மட்டும் போகவே இல்லை. ஏழு வருடம் அந்த வாடையோடு வாழ்ந்தேன். ஒரு நாள்கூட அது பழகவில்லை.

அதன் பிறகு நோயின் மூலத்தையே குறிவைக்கும் புது மாத்திரை வந்தது. டாக்டர் அதை எழுதும்போது, பழையபடி விதிகளைச் சொல்லத் தொடங்கினார்: நேரம் தவறக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டுப் பெரிய தம்ளர் தண்ணீரோடு, புதிதாக எந்த மாத்திரை சாப்பிட்டாலும் கேட்டுவிட்டு. சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"போன மாசம் எத்தனை விட்டுப்போச்சு?"

"ரெண்டு" என்றேன். "ஒண்ணு மறந்தது. ஒண்ணு பிடிக்காம விட்டது."

அவர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.