ஆற்றில் விடப்போன ஆமை

காலை 7.20. குனோங் ராபாட்டில் என் தங்கை தேவி வாங்கிய புது வீட்டிலிருந்து கிளம்பினோம். பால் காய்ச்ச 10.30 வரைதான் நல்ல நேரம். விடிந்ததும் கதவைத் திறந்தால், அடுப்படியில் ஓர் ஆமை! வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது என்பது எங்கள் ஆட்களின் பயம்.

"இத ஆத்துல விட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் உள்ளே கால் வைக்கமாட்டேன்" என்று தேவி பால் பாக்கெட்டுடன் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏழு மாத வயிறு. யார் வாதாடுவது?

அவள் கணவர் குமார் ஜெலாப்பாங்கில் லோரி ஓட்டுபவர். இன்று வேனை எடுத்தார். பின்னால் துணிக் கூடையில் ஆமை. பேராக் ஆற்றங்கரையிலுள்ள போத்தாவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்.

"பக்கத்துலயே கிந்தா ஆறு இருக்கே, மச்சான்?"

"பெரிய ஆத்துல விட்டாதான் திரும்பி வராது லா."

7.50. பத்து காஜா டவுன். நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ இரண்டு கிளாஸ், நான்கு வெள்ளி நாற்பது காசு. வாய் வெந்தது, ஊதிக் குடிக்கப் பொறுமையில்லை. ஊரைத் தாண்டியதும் செம்பனைக் காட்டைக் காட்டி, "இங்கதான் எங்க தோட்டம் இருந்துச்சு, எல்லாம் ரப்பர்" என்றார் குமார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கூடையை ஆமை பிறாண்டிக்கொண்டே வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

8.40. போத்தா. ஆறு அகலமாக, கலங்கலாக ஓடியது. குமார் கும்பிட்டுவிட்டு ஆமையைத் தண்ணீரில் விட்டார். அது நான்கு காலையும் உதறியது; அப்படியே மூழ்கியது.

"ஐயோ அண்ணே, அது காட்டாமை! நீந்தாது, தூக்குங்க!" கரையில் ஒரு பெண் கத்தினாள்.

குமாருக்கும் நீச்சல் தெரியாது. விசேஷத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவினார். ஒருவழியாக ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

கத்திய பெண் கலா, அருகிலுள்ள ஆமைக் காப்பகத்தில் வேலை செய்பவர். "கால பாருங்க, யானைக் கால் மாதிரி. நில ஆமையிலயே ரொம்பப் பழைய ஜாதி இது. உயிருள்ள புதைபடிவம்னு சொல்வாங்க. மலைக்காட்டுலதான் விடணும்." வனவிலங்கு அதிகாரிகளை அழைத்தார். அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம்.

9.20. யாரும் வரவில்லை. "நான் நிக்கிறேன், நீங்க கிளம்புங்க மச்சான்" என்றேன்.

"நான்தானே தண்ணில போட்டேன்" என்றார் குமார். வேட்டியிலிருந்து நீர் சொட்டியது. ஆமை தலையை நீட்டி அவரைப் பார்த்தது. நான் மறுபடி மணி பார்த்தேன்.

10.05. தேவி அழைத்தாள். "அண்ணே, ஆத்துல விட்டாச்சா?"

குமார் கைப்பேசியை வாங்கினார். "விட்டேன். மூழ்கிருச்சு."

"செத்துருச்சா?"

"இல்ல, தூக்கிட்டேன். காட்டாமையாம், ஆபீசருக்குக் காத்திருக்கோம். நல்ல நேரத்துக்குள்ள வர முடியாது."

"நேரம் கிடக்குது லா. அது நல்லபடியா காட்டுக்குப் போகட்டும். ஈரத்தோட நிக்காதீங்க. பால ஐஸ் பெட்டியில வச்சிருக்கேன், எப்ப வந்தாலும் காய்ச்சலாம்."

ஐஸ் பெட்டி இருப்பது வீட்டுக்குள்ளே, ஆமை கிடந்த அதே அடுப்படியில்.