அலறலக்கா தேடிய கையெழுத்து

என் நூலகத்துக்கு வருகிறவர்கள் புத்தகத்தை முன்னாலிருந்து புரட்டுவார்கள். அலறலக்கா மட்டும் பின்னாலிருந்து ஆரம்பிப்பாள், அதுவும் ஒரே ஒரு புத்தகத்தை. காலை பதினோரு மணிக்குப் படியேறி வருவாள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஃபிளாஸ்கிலிருந்து ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, "அது உள்ள இருக்கா?" என்று கேட்பாள். எடுத்துக் கொடுப்பேன். கடைசித் தாளை விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்துவிட்டு மூடித் தந்துவிடுவாள். புத்தகத்தை ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

நான் நடத்துவது வாடகை நூலகம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மேஜை, ஆடுகிற ஸ்டூல் ஒன்று. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளேயும் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டி வைப்பேன், படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு. வெறும் தாளைப் பார்த்தால் ஒருத்தரும் பேனா எடுக்க மாட்டார்கள். அதனால் முதல் வரியை நானே எழுதிவிடுவேன். பெரிய மூளைக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அந்தப் புத்தகம் சினிமாக்காரர்களைப் பற்றிய ஒரு சிரிப்புத் துப்பறியும் நாவல். தயாரிப்பாளரைக் கொன்று பொம்மைகள் இருக்கும் அறையில் போட்டுவிடுகிறார்கள். பிணத்தையும் பொம்மை என்று நினைத்து, பவுடர் பூசி, மூன்று காட்சியில் நடிக்க வைத்துவிடுகிறார்கள். எழுதியவன் பழைய உதவி இயக்குநர். இயக்குநராகிற யோகம் கடைசிவரை வாய்க்காததால் எழுத வந்துவிட்டான். புத்தகம் வந்த புதிதில் எட்டுப் பேர் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

கடைசித் தாள் மளமளவென்று நிறைந்தது. ரிட்டையர்டு தபால்காரர் எழுதினார்: "கொலைகாரன் யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். இருந்தாலும் அலறல்காரிக்காக முழுதும் படித்தேன்." மருந்துக் கடைக்காரர்: "பஸ்ஸில் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்." கணக்கு டீச்சர்: "சினிமாக்காரர்களுக்குச் சாவும் ஒரு டேக். நெஞ்சில் ஈரமே கிடையாது. ஆனால் செம சிரிப்பு." எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், என் கையெழுத்து: "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். சிரித்த சிரிப்பில் என் கண்ணாடி கழன்று விழுந்தது."

அந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான். டப்பிங் அறையில் ஒருத்தி அலறிக்கொண்டிருக்கிறாள். புருஷன் செத்துவிட்டான் என்ற செய்தி ஹெட்ஃபோனில் வருகிறது. சுவர் அதிர அலறுகிறாள். அலறி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஓகேவா சார்? இன்னொன்னு போகலாமா?" என்று கேட்கிறாள்.

அக்காவின் தொழிலும் அலறல்தான் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். வசனம் பேசுகிற பெண்கள் அலற மாட்டார்கள், தொண்டை போய்விடும். கதாநாயகி பேயைப் பார்க்கும்போதும் வில்லன் கத்தியைத் தூக்கும்போதும் அக்காவைக் கூப்பிடுவார்கள். அடுத்தவள் தொண்டையைக் காப்பாற்றித் தன் தொண்டையைத் தொலைத்தவள். இப்போது அவள் பேசினால் பழைய விசிறி ஓடுகிற மாதிரி கரகரவென்றுதான் வரும். படத்தில் பெயர் வந்ததில்லை. அலறலக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பட்டம்.

எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்னக்கா, தினமும் வந்து யாரைத் துப்பறியறீங்க? உங்க தொழிலை வச்சு நாவலே எழுதிட்டான். கூப்பிட்டு ஒரு பார்ட்டி குடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"தொழிலை வச்சு எழுதலம்மா. என்னை வச்சு எழுதியிருக்கான்."

நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதை மூட நேரம் பிடித்தது.

"அன்னிக்கு மத்தியானம் கடைசி ரீல்," என்றாள் அக்கா. "பதினேழு அலறல். பன்னெண்டு முடிச்சிருந்தேன். என் வீட்டுக்காரர் அதே ஸ்டுடியோவுல, அடுத்த கட்டடத்துல லைட்மேன். மேல விளக்கு கட்டற பலகையில நின்னவருக்குக் கால் வழுக்கிடுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் வந்துது. அவங்க பேசறது எனக்குக் கேக்காது, வாய் அசையறது மட்டும்தான் தெரியும். ரீல்ல ஏதோ தகராறு போலன்னு நினைச்சு வெந்நீர் குடிச்சிட்டிருந்தேன். அப்புறம் சவுண்ட் இன்ஜினீயர் ஹெட்ஃபோன்ல சொன்னார். காதுக்குள்ளயே சொன்னார்."

ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாள். மறுபடி திறந்தாள்.

"கத்தினேன். எப்படிக் கத்தினேன்னு எனக்கே தெரியாது. மைக் போட்டபடியேதான் இருந்துது, அதைத்தான் படத்துலயும் வச்சாங்க. கத்தி முடிச்சதும்... இருபது வருஷப் பழக்கம்மா. ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு, வாய் தானா கேட்டுடுச்சு. பின்னாடி நாற்காலியில இவன் உக்காந்திருந்தான், நாவல் எழுதினவன். அன்னிக்கு யாரும் சிரிக்கல. இவனும் சிரிக்கல."

"அவன் வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்காம விட்டீங்களே!"

"பொய்யா இருந்தா போயிருப்பேன். நிஜமா இருக்கே. போய் என்னத்தைக் கேக்கறது?"

முதல் வரியை என் விரலால் மறைத்துக்கொண்டேன். அவள் அதை நாற்பது தடவையாவது படித்திருப்பாள், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நீ எழுதினதுக்குக் கோவம் இல்ல," என்றாள். "என் பொண்ணு கைக்கு இது போயிடக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு."

அப்பா போனபோது மகளுக்கு ஆறு வயசு. அவளிடம் அக்கா சொல்லி வைத்திருந்த கதை வேறு. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் பேரைச் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினார் அப்பா. அந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தாள். இந்தப் பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். ஏனென்றால் அக்கா வீட்டிலும் அப்படித்தான். தலை பின்னிவிட்டாலும், ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்தாலும், "ஓகேவா? இன்னொன்னு போகலாமா?" என்பாள். மகள் அதே கரகர குரலில் திருப்பிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவாள்.

"அவ கேட்டா வெளில போயிருக்குன்னு சொல்லிடும்மா. ஆனா ஒருத்தர் எடுத்தா ஒன்பது பேர் படிக்கிறாங்க. அதான் வந்து தாளைப் பாக்கறேன். அவளால எழுதாம இருக்க முடியாதே."

அது உண்மை. எந்தப் புத்தகம் எடுத்தாலும் பச்சை மையில் சாய்வாக நாலு வரி எழுதாமல் அவள் திருப்பியதில்லை. இந்தத் தாளில் பச்சை மை இல்லை. "கவலைப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் படியிறங்கியதும், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பதிவேட்டைப் புரட்டினேன். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்து தங்கச்சி மேஜையில் உட்கார்ந்திருந்த பத்து நாள் அதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை, உறுப்பினர் எண் அறுபத்து நாலு. புதன்கிழமை திருப்பியாகிவிட்டது. அறுபத்து நாலு அக்காவின் மகள்.

புத்தகத்தைத் திருப்பியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் ஆஸ்பத்திரி பக்கம் அறை எடுத்துத் தனியே போனாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. "ஷிப்ட் வேலை பாரு, அலைய வேண்டாம்னுதான் போயிருக்கா" என்று அக்கா பெருமையாகச் சொன்னதும், நான் சமத்துப் பெண் என்று தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவளே வந்தாள். கடைசியாக எடுத்த புத்தகத்தையும் உறுப்பினர் அட்டையையும் மேஜையில் வைத்தாள். அம்மாவுக்கு நான் தங்கை முறை என்பதால் என்னைச் சித்தி என்பாள்.

"அதைப் படிச்சியா?" என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை.

"படிச்சேன் சித்தி. நீங்க எழுதின முதல் வரியைப் பார்த்துட்டு நேரா அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். லேப்ல சாப்பாட்டு நேரம். சத்தமா வாசிச்சேன். அம்மா சொல்ற மாதிரியே குரலை வச்சு அந்த வரியைச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான்தான் ரொம்பச் சிரிச்சேன். 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை'ன்னாங்க. நாலு தடவை பண்ணிக் காட்டினேன்."

அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பக்கம் திருப்பினா, அந்தப் புருஷன் லைட்மேன். பலகையிலேர்ந்து விழறான்."

"அம்மா உன் நல்லதுக்குத்தான்டி மறைச்சா."

"அம்மா மறைச்சதுல எனக்குக் கோவமே இல்ல. அவங்க முகத்தைப் பாத்தா என் சிரிப்புதான் எனக்குக் கேக்குது. எப்படி அதே வீட்டுல இருக்கறது? நான் படிச்சேன்னு சொல்லிடாதீங்க சித்தி. அப்பா அவங்க கையைப் பிடிச்சிட்டுத்தான் போனார். நான் அப்படித்தான் கேட்டிருக்கேன்."

"ஒரு தடவை வந்து பக்கத்துல உக்காரேன். ஒண்ணும் பேச வேண்டாம்."

"முடியல," என்றாள். அழாமல், காய்ச்சல் என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உதவி இயக்குநரை வாயில் வந்தபடி திட்டினேன். சும்மா கிடந்த ஸ்டூல் கேட்டுக்கொண்டது. அவன் ஒருத்தனா? பக்கத்தின் எண்ணையே போட்டு, அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அங்கே நிறுத்தியவள் நான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். கடைசித் தாளில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தாள். கீழே இடமில்லை. மருந்துக் கடைக்காரரின் சம்சாரம் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தாள்.

"இல்ல. பச்சை மை இல்ல," என்றாள். உடனே முகம் வாடியது. "ஆனா தாள் நிறைஞ்சு போச்சே. படிச்சிட்டு, எழுத இடம் இல்லாம விட்டிருந்தா? எனக்கு எப்படித் தெரியும்? இடம் இருந்தும் எழுதலைன்னாத்தான் எனக்கு நிச்சயம்."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மகள் கேட்டுக்கொண்டது குறுக்கே நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"இன்னொன்னு ஒட்டலாமாம்மா?" என்றாள் அக்கா.

கோடு போட்ட தாளை எடுத்தேன். பசை தடவினேன். அவள் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டாள், சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"முதல் வரி எழுதலையா நீ?"

"பேனாவுல மை இல்லக்கா."

அவள் விரல் அந்த வெறும் தாளில் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கியது. கடைசிக் கோட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"பாத்தியா," என்றாள், "எழுதவே இல்ல."