அத்தை நின்ற அரை மணி நேரம்

ஆணும் பெண்ணும் சமம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசினேன். அந்த அரை மணி நேரமும், முட்டி ஆபரேஷன் ஆன என் மாமியார் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. என் முட்டாள்தனங்களை எழுத ஒரு நோட்டு போதாது. ஆனால் அதன் அட்டையில் ஒட்ட இந்த ஒன்று போதும்.

மாமனார் போன பிறகு அத்தை மாமல்லபுரத்தில் தனியாகத்தான் இருந்தார். ஆபரேஷன் முடிந்ததும் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். "எவ்ளோ நாள் வேணும்னாலும் இருங்க அத்தை" என்றேன். அப்படிச் சொன்னதை ஆபீஸில் நாலு பேரிடம் நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, சட்டென்று எழக் கூடாது.

அந்த ஞாயிறு, சிறுசேரியில் வேலை பார்க்கும் மச்சினிச்சி அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்ததைப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க ஃபெமினிஸ்ட்டுதான். ஒத்துக்கினா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள்.

"ஒரு தட்டுக்கே பட்டமா? குக்கரும் கழுவுனா சிலை வெப்பியா?" என்று ஆரம்பித்தவன்தான், நிறுத்தவில்லை.

சம சம்பளம், சொத்தில் சம பங்கு, சம மரியாதை, எதிலும் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பெயரில்தான் தயக்கம். பெண்கள் அடிபட்டுச் சம்பாதித்த சொல் அது. அதை ஓர் ஆம்பளை சட்டையில் குத்திக்கொண்டால், அது அவனுக்கு முன்னால் போய்க் கைதட்டு வாங்கிவிடும். அப்புறம் அவன் தன்னைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான். இதையெல்லாம் சோபாவில் சாய்ந்து, காலாட்டிக்கொண்டே விளக்கினேன். கருத்தை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. சொன்ன ஆள்தான் சரியில்லை.

மச்சினிச்சியை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மனைவி கேட்டாள். "அம்மாவுக்கு முட்டி வீங்கிக்கீது, பாத்தியா?"

"ஏன், மாத்திரை போடலியா?"

"நீ ஹால்லயே குந்திகினு இருந்தா அம்மா எப்டி உக்காரும்?"

மாப்பிள்ளை முன்னால் மாமியார் உட்காருவதில்லை. எங்கள் பக்கம் இதை யாரும் சொல்லித் தருவதில்லை; அத்தை ஒருநாளும் தவறியதில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போனால் எழுவார். செருப்பு மாட்ட வந்தால் எழுவார். ஒவ்வொரு தடவையும் "உக்காருங்க அத்தை" என்று சொல்லியிருக்கிறேன், அவர் எழுந்து முடித்த பிறகு. சொன்ன திருப்தியில் நான் உட்கார்ந்துவிடுவேன்.

"உங்கம்மா வந்தா யாரு எழுந்துக்கறது?" என்றாள் மனைவி.

நான்தான். எங்கம்மா சோபா நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்வார். அதே சோபாவில் அத்தை முதுகு சாய்த்து நான் பார்த்ததே இல்லை. அவர் வந்து இருபது நாள் ஆகியிருந்தது.

மறுநாள் அத்தைக்கு பிசியோதெரபி பயிற்சி கொடுக்க வந்த பெண் முட்டியை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இறங்காவிட்டால் கால் மடங்காது, கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அன்று சாயங்காலம் ஒரு திட்டத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். நான் உட்காரவில்லை. அவர் உட்காரும்வரை நானும் நிற்பது என்பதுதான் திட்டம். விளம்பரம் வந்தது, போனது. இருவரும் நின்றோம். அத்தை உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலியைக் காட்டாமல் நிற்க எத்தனை வருஷம் பழகியிருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது. என் சமத்துவத் திட்டத்தையும் அந்த முட்டிதான் சுமந்துகொண்டிருந்தது.

"அத்தை, யாராவது ஒருத்தர் மொதல்ல உக்காரணும். அதுக்கு நான் இன்னா செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெளிய போங்க மாப்ள, உக்காந்துக்கறேன்."