பில்லில் மட்டும் களிமண்

சித்தூர் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் இறக்குமதிக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. எண்ணெயை வெளுக்கவைக்கும் மண்ணை முதன்முறையாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். பில்லில் "களிமண்" என்றிருந்தது.

"சுங்கப் படிவத்துலயும் அப்படியே எழுதிடலாம் மேடம், வரி கம்மி" என்று சுங்க ஏஜென்ட் அவசரப்படுத்தினார். அந்த அவசரம்தான் எனக்கு உறுத்தியது.

விற்றவர் முன்னதாக அனுப்பியிருந்த மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்த ஸ்டோர் கீப்பர் குமாரி, "இன்னாக்கா, ஈரக்கையில பட்டா எரியுது! இது வெறும் மண்ணு இல்லக்கா" என்றாள்.

விற்றவரைத் துருவித் துருவிக் கேட்டேன். அமிலத்தில் பதப்படுத்தியது என்று ஒப்புக்கொண்டார். சுங்க விதிப்படி அது மண்ணல்ல, ரசாயனப் பொருள். ஏஜென்ட் முகம் சுளித்தும் ரசாயனப் பொருள் என்றே எழுதினேன். துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். முடிவும் அப்படியே வந்தது. களிமண் என்று எழுதியிருந்தால் கையெழுத்திட்ட நான்தான் மாட்டியிருப்பேன்.

இப்போது தயாரிப்பு முறையை எழுத்தில் வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.