நாற்பத்தொன்றாம் எண் படம்

ஞானமுத்துவை அறிந்த எல்லோருக்கும் வணக்கம். முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். நாற்பது வருடம் கழுக்கோல் ஊன்றி வள்ளம் தள்ளிய கை இது. பேனா அதற்கு ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது, தளர்த்தினால் எழுத்து ஓடிவிடுகிறது. அறுபத்திரண்டு வயதில், போன சித்திரையில்தான் எங்கள் ஊர் வாசகசாலையில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தாளில் எழுந்து நிற்கும்போது வருகிற சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. துக்கத்தை எழுதும்போதுகூட அது வருகிறது. தவறாக நினைக்காதீர்கள்.

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை காலையில். தேங்காய்ப்பட்டணம் ஆற்றில், கடலுக்கு மிக அருகே, பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு நடுவில் போய்க்கொண்டிருந்தேன். மீன்கூடைகளுக்கு இடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், கோட்டாறு சந்தைக்குப் போய்த் திரும்பியவர், சொன்னார்: “அண்ணாச்சி, உம்மப் படம் பிடிச்ச ஸ்டூடியோக்காரரு போயிட்டாரே, அறிஞ்சீரா? மார்வலியாம். நேத்து சாயங்காலம் அடக்கம் பண்ணியாச்சு.”

ஊன்றிய கோலை எடுக்க மறந்து நின்றுவிட்டேன். வள்ளம் சுற்றத் தொடங்கியது. “ஓய், கோலத் தூக்கும்! எங்களையும் சேத்து அடக்கம் பண்ணப் பாக்கீரா?” என்று ஒரு மீன்காரர் சத்தம் போட்ட பிறகுதான் கை அசைந்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம். மறுநாள் கழித்து, வெள்ளிக்கிழமை, நான் நாகர்கோவிலுக்குப் போய் அவரிடம் ஒரு கேள்வி கேட்பதாக இருந்தேன். ‘இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனிதர்’ என்றுதான் மனம் கத்தியது.

அந்தக் கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் இத்தனை சிரமப்பட்டு எழுதுகிறேன்.

ஞானமுத்து என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் நாங்கள் ஒருவரையொருவர் ‘ஓய்’ என்றும் ‘நீரு’ என்றும்தான் பேசிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றுகால் சட்டத்தையும் பெரிய படப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு, வள்ளம் அடையும் எங்கள் கடவுக்கு வருவார். அலையைப் பிடிப்பார், வலையைப் பிடிப்பார், நாள் முழுவதும் காத்திருந்து ஒன்றும் பிடிக்காமலும் திரும்புவார். “என்ன ஓய், இன்னைக்கு மீன் படலியா?” என்று கேட்பேன். “மீனு நிறையக் கெடந்துது. வெளிச்சம் படல” என்பார். கறுப்புத் துணிக்குள் என் தலையையும் ஒருநாள் நுழைக்கச் சொன்னார். உள்ளே எங்கள் ஆறு தலைகீழாக ஓடியது. தென்னைகள் வானத்திலிருந்து தொங்கின. நான் அன்று சிரித்த சிரிப்பை அவர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுதந்திரம் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு, எங்கள் அய்யாவின் கோயிலான நிழல் தாங்கலில் கும்பிட்டுவிட்டு நேரே ஆற்றங்கரைக்கு வந்தேன். அங்கே ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடுவோம். எங்கள் பாட்டன் காலத்தில் எங்கள் ஆட்கள் தலையில் துணி சுற்றினால் அடி விழும். அதனால்தான் அய்யாவின் முன்னால் அதைக் கிரீடமாகக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். அந்தத் தலைப்பாகையோடு நான் நின்றதைப் பார்த்ததும் ஞானமுத்து பெட்டியை நிறுத்தினார்.

“ஓய், அந்தத் தலைப்பாவ அவுத்து ரெண்டு கையிலயும் விரிச்சு ஏந்தும்.”

“எதுக்கு?”

“வெயிலு துணியில விழட்டு. அங்கேருந்து உம்ம மூஞ்சியில ஏறும். வெள்ளத்துணி இல்லேன்னா உம்ம மூஞ்சி ராத்திரி மாதிரில்லா இருக்கும்.”

நான் நாலாபுறமும் பார்த்தேன். “எங்க ஆளுவ யாராவது பாத்துட்டா?”

“இங்க நீரு, நான், இந்தப் பெட்டி. பெட்டி யாருட்டயும் சொல்லாது.”

நண்பர் கேட்டார், அவிழ்த்தேன். இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தேன். துணியிலிருந்து வெளிச்சம் கிளம்பி முகவாயில் சுட்டது. “கொஞ்சம் தாழ்த்தும். இன்னுங் கொஞ்சம். மேல பாரும்” என்றார். மேலே பார்த்தேன்.

அடுத்த வருடம் அந்தப் படத்தைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். “படம் தொங்கிச்சுன்னா உம்மையும் கூட்டிட்டுப் போவேன்” என்று சொல்லியிருந்தார். சொன்னபடி செய்தார். அப்போது சென்னை நமக்கு வேறு ராஜ்யம். திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து ரயில். மூன்று நாள் இருந்தோம். என் வாழ்நாளில் அப்படி மூன்று நாள் வேறு இல்லை.

டிராம் வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரு சினிமாக் கொட்டகை. வாசலில் வீட்டுயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம். ஏணியில் நின்று ஒருவர் அவள் கண்ணுக்குள் கறுப்பு தீட்டிக்கொண்டிருந்தார். அடியில் போய் நின்று பார்த்தால் வெறும் சாயத் தீற்றல். ரோட்டைக் கடந்து திரும்பினால் அந்தக் கண் ஈரமாக இருக்கிறது! நான் ரோட்டின் இரண்டு பக்கமும் நாலு தடவை போய் வந்தேன். வண்டிக்காரர்கள் ஏசினார்கள். ஞானமுத்து தடுக்கவில்லை. “அப்படித்தான் ஓய். எட்ட நின்னு பாரும், கிட்டப் போயிப் பாரும், பொறவு திரும்பவும் எட்ட வாரும். மூணாவது பாக்கதுதான் படம்” என்றார். உங்களில் பலரிடமும் அவர் இதைச் சொல்லியிருப்பார்.

கண்காட்சி மண்டபத்தில் ஓவியங்களும் இருந்தன. ஒன்றில் ஆறும் வள்ளமும். நான் எட்ட நின்றேன், கிட்டப் போனேன், திரும்ப எட்ட வந்தேன். “ஓய், இவன் ஊர் போய்ச் சேரமாட்டான்” என்றேன்.

“ஏன்?”

“நீரோட்டம் இடப்பக்கத்தேருந்து வருது. கோலையும் இடப்பக்கமே ஊனியிருக்கான். தள்ளினா நேரே கடலுதான்.”

ஞானமுத்து சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்றவர்தான் அதை வரைந்தவராம். கோபப்படவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு என் படத்துக்கு முன்னால் வந்தோம். எண் நாற்பத்தொன்று. எண்கள் மட்டும் எனக்கு முன்பே தெரியும். அன்று காலை தங்கியிருந்த அறையில் ஞானமுத்துவே என்னைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். ஒரு முனையைத் தானே இழுத்துப் பிடித்து மடிப்பைச் சரிசெய்தார். “இன்னைக்கு நீருதான் ராஜா” என்றார். அந்த ராஜா தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான், யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களா என்று. ஒருவரும் காணவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். அதே முகத்தை ஒரு முழத் தூரத்தில் பார்த்தாள், தள்ளிப் போய்விட்டாள்.

“அடியில என்ன எழுதியிருக்கு ஓய்?” என்று கேட்டேன்.

ஞானமுத்து சற்றுப் பொறுத்தார். “‘ஐயாக்குட்டி, வள்ளக்காரர்’னு போட்டிருக்கு.”

“என் பேருமா?”

“பேரு இல்லாமலா?”

அந்தக் கறுப்பு எழுத்துகளை நான் விரலால் தொட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டேன். அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. கண்காட்சிப் புத்தகம் ஒன்றையும் எனக்குத் தந்தார். ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப்பக்கம் தமிழ். ஆறு வருடம் அது என் தகரப்பெட்டியில் வேட்டிக்குள் சுற்றி இருந்தது. வள்ளத்தில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னேன், சென்னையில் என் பேரை அச்சடித்திருக்கிறார்கள் என்று.

வாசகசாலையில் நான் முதலில் எழுதக் கற்றது என் பெயர்தான். மற்ற எழுத்துகளும் கைக்கு வந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அது செய்தி வருவதற்கு நாலு நாள் முன்னால். என் மனைவி தங்கம்மை முறத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “வாசிங்க, கேப்போம். பேரு பெருசா இருக்கா, சிறுசா இருக்கா?” என்றாள்.

நாற்பத்தொன்றைக் கண்டுபிடித்தேன். என் பெயரைத் தேடினேன். இல்லை. இருந்தது ஒரே ஒரு சொல். எழுத்தெழுத்தாக வாசித்தேன். பி. ச். சை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். பிச்சை. அதன் கீழே, ஞானமுத்து, நாகர்கோவில், முதல் பரிசு.

விரித்து ஏந்திய துணி, தாழ்த்திய கை, மேலே பார்த்த கண். எல்லாம் அப்போதுதான் புரிந்தது. எங்கள் பாட்டன்மார் அடிவாங்கிக் கட்டிய துணியைப் பிச்சைத் துணியாக்கி ஊருக்குக் காட்டியிருக்கிறார். அன்று காலை மடிப்புச் சரிசெய்ததும் புரிந்தது. தலைப்பாகை கட்டியவனை அந்தப் படத்தோடு யார் பொருத்திப் பார்ப்பார்கள்?

“என்ன போட்டிருக்கு? ஏன் இப்படி முழிக்கிய?” என்றாள் தங்கம்மை.

நான் சற்றுப் பொறுத்தேன். “‘ஐயாக்குட்டி, வள்ளக்காரர்’னு போட்டிருக்கு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. அதே வார்த்தை. முன்னால் விட்ட இடைவெளிகூட அதேதான்.

நான் கேட்க இருந்த கேள்வி இதுதான்: ‘ஓய், ஏமாத்தணும்னா என்னைக் கூட்டிட்டுப் போகாமலே இருந்திருக்கலாமே. ஏன் கூட்டிட்டுப் போனீரு?’ வேறு ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இரவும் பகலும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பதிலும் அவர் குரலில் கேட்கவில்லை.

உங்களையும் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் படம், அடியில் அதே சொல்லோடு, ஸ்டூடியோ சுவரில் இத்தனை வருடம் தொங்கியது. பக்கத்தில் வெள்ளிக்கோப்பை இருந்தது. உங்களில் எழுத்துத் தெரியாதவர்கள் கிடையாது. நான் அங்கே வரும்போதெல்லாம் எனக்குக் காப்பி வாங்கித் தந்தீர்கள், தோளில் தட்டினீர்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். வலித்தது. நீங்கள் எல்லோரும் அறிந்திருந்தீர்கள் என்பதுதான் அதிகம் வலித்தது.

செய்தி வந்த அன்று, எல்லோரையும் அக்கரை சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய் தங்கம்மையிடம் உண்மையைச் சொன்னேன். “அந்தத் தலைப்பாவ நான்லா வெளுத்துக் கஞ்சி போட்டுத் தந்தேன்? அதுலயா பிச்சை?” என்றாள். “செத்த மனுசன ஏசப்பிடாதும்பாவ. நான் ஏசுவேன்.” ஏசவும் செய்தாள். ஏசி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தாள். அவர் எனக்குத் தந்த பிரதி அது. அதன் அடியில் எழுத்து ஒன்றும் கிடையாது. “ஆனாலும் உங்க மூஞ்சி இப்பிடி வெளிச்சமா நான் ஒருநாளும் பாத்ததில்ல” என்றாள்.

நானும் பார்த்தேன். எட்ட நின்றேன், கிட்டப் போனேன், திரும்ப எட்ட வந்தேன். என் முகத்தில் இருக்கும் அந்த வெளிச்சம் முழுவதும் என் தலைப்பாகையிலிருந்து வந்தது. அது ஞானமுத்துவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சென்னையில் யாருக்கும் தெரியாது. பார்க்கக் கற்றுத் தந்தவர் அவர். இந்தப் பார்வையைத் திருப்பித் தர வழியில்லை. அதனால் வைத்துக்கொள்கிறேன். அவர் செய்ததையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்கிறேன்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். முதல் வரியில் ‘ஐயாக்குட்டி’ என்று எழுதிவிட்டேன். இரண்டாம் வரியில் ‘வள்ளக்காரர்’. ‘ள்ள’ சற்றுக் கோணிவிட்டது, பரவாயில்லை. மூன்றாம் வரி ‘படம் பிடித்தவர் ஞானமுத்து’ என்று இருக்கவேண்டும். பேனாவை எடுத்தேன். இந்த வாரம் கை வரவில்லை. ஆனால் தாளில் இடம் விட்டிருக்கிறேன், அவர் பெயர் முழுவதும் கொள்ளும் அளவுக்கு. அடுத்த வாரம் எழுதுவேன்.