கரண்ட் வந்ததும் நின்ற கதை

கரண்ட் போனால் எங்களுக்குக் கொண்டாட்டம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஜெனரேட்டர் வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. நல்லவேளை! பகலில் மிஷின்கள் நின்றதும், செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டும் வெள்ளையம்மாள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். தலையெல்லாம் பஞ்சு, கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் கத்தரி. அக்கா கதை சொல்லும்.

எல்லாம் ஒரே கதைதான். காங்கேயத்தில் அண்ணன் தம்பி சண்டை, சோமனூரில் மாமியார் மருமகள் சண்டை. பிரிவார்கள், படாத பாடு படுவார்கள். பாதியில் கரண்ட் வந்துவிடும். முடிவை யாரும் கேட்டதில்லை. ஓவர்லாக் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே, கடைசியில் கட்டிக்கொண்டு அழுவதாக நாங்களே முடித்துக்கொள்வோம். அலுக்கவே அலுக்காது. தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்து ஒற்றை அறையில் கிடந்த எனக்கு, கடைசியில் எல்லோரும் சேர்ந்துவிடுவது சோறு மாதிரி வேண்டியிருந்தது.

ஒருநாள் புதுக்கதை. பிடித்தவனைக் கட்டிக்கொண்ட மகளை, "இனி இந்த ஊட்டுப்படி மிதிக்காத" என்று தாய் துரத்துகிறாள். மகள் பஸ் ஏறுகிறாள். அந்த இடத்தில் கரண்ட் வந்தது.

மறுநாள் மிஷின்கள் நின்றதும் அக்காவே கேட்டது: "நேத்துக் கதைய எப்படி முடிச்சீங்க கண்ணு?"

என் வாய் சும்மா இருக்குமா? "இதென்னக்கா பெரிய விஷயம்! பொங்கலன்னைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வருவா. அது 'அம்மாயி'ன்னு கூப்பிடும். கெழவி உருகிருவா."

"வரவே இல்லீன்னா?"

"வரலைன்னா அதெல்லாம் ஒரு கதையாக்கா? எவ உக்காந்து கேப்பா?"

அக்கா கத்தரியைக் கழற்றி மேஜையில் வைத்தது. "எம்பட மக பூங்குழலி போயி நாலு பொங்கலாச்சு கண்ணு. நாந்தான் தொரத்துனேன்."

என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. கரண்டாவது வந்து தொலையக் கூடாதா? அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

இரண்டு நாள் அக்கா முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கியே இருந்தேன். மூன்றாம் நாள் கரண்ட் போனபோது, அக்காதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஒச்சம்மா, அந்தப் பேரன் கூப்புடறத இன்னொருக்கா சொல்லு கண்ணு."

சொன்னேன். நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை பூங்குழலி வரவில்லை. கரண்ட் போனபோதெல்லாம் பேரன் வந்தான்.